குங்குமம் வைத்த ஹெல்மெட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பிக்கு இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாமா வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார், பிறகு உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இன்னாம்மா, பையன் எப்டி கீறான்? நாஷ்டா துன்றானா?"

"கண்ணு முன்னாடிதானே துன்னுகினு கீறான் மாமா."

"தேறிடுவான், தேறிடுவான்." தலையைச் சொறிந்தார். "அந்த ஹெல்மெட்டு இன்னும் கீதுல்லம்மா? என் பெரியவன் நாளைக்கி கம்பெனிக்கு போறான். மொத நாளு, புது வண்டி வேற. ரெண்டு உசுர காப்பாத்துன ஹெல்மெட்டு. அத போட்டுக்கினு போனான்னா எங்களுக்கும் மனசுக்கு ஒரு தெம்பா இருக்கும்."

இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். நான் வைத்தேன் என்று எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டால் எறிந்தேன் என்பாள்.

ரெண்டு உசுராம். அதில் ஒன்று நான். இன்னொன்று எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வலது கை மடியில் கிடக்க, வாயின் ஓரத்தில் சாம்பார் வழிய, யார் வந்திருக்கிறார்கள் என்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. முப்பது வயது வயர்மேன். உத்திரமேரூரைச் சுற்றி எத்தனையோ வீடுகளுக்கு வயரிங் செய்தவன். கம்பத்தில் ஏறினால் அணில் மாதிரி ஏறுவான். அவனைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் அந்த ஹெல்மெட்டைக் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருப்புலிவனத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். பஸ்ஸை நம்பினால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும் என்று ஒரு ஸ்கூட்டி வாங்கினேன். வாங்கிய அன்றைக்கே முகம் மூடுகிற நல்ல ஹெல்மெட்டும் ஒன்று வாங்கினேன். எங்கள் தெருவில் இரண்டாவதைத்தான் அதிசயமாகப் பார்த்தார்கள். ஹெல்மெட் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கண்ணாடிக் கம்பியில் மாட்டித் தொங்கவிடும் பொருள். எதிரே வருகிறவன் ஹெட்லைட்டை இரண்டு தடவை அணைத்து ஏற்றினால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். உடனே வண்டியை ஓரம் கட்டித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். போலீஸைத் தாண்டியதும் மறுபடி கம்பிக்குப் போய்விடும். பின்னால் உட்காருகிற பெண்டாட்டிக்கும், முன்னால் நிற்கிற குழந்தைக்கும் அதுகூடக் கிடையாது. போலீஸுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ரோட்டைப் பார்த்துப் பயமில்லை.

என் தம்பி தெருவோரத்தில் வாங்கிய ஒரு அரைக் குல்லாவை வைத்திருந்தான். நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் பக்கெட் சத்தம் கேட்கும். தினமும் நான் கிளம்பும்போது, "யக்கா, சட்டிய கவுத்துக்கினு கெளம்பிட்டியா?" என்பான். அம்மா சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும்.

போன வருஷம் மாசி மாதம். அறுப்பு முடிந்து, ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் வரிசையாகக் கருங்கல். வண்டிக்காரன் நெல்மேல் ஏற்றிவிடக் கூடாதாம், அதற்காகக் கல். காலைப் பனியில் தார் ஈரமாக இருந்தது. எதிரே பால் வண்டி வேகமாக வந்தது. நான் இடது பக்கம் ஒதுங்கினேன். முன் சக்கரம் நெல்லில் ஏறியதுதான் தெரியும். வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். தலையின் இடது பக்கம் கல்லில் மோதியது. காதுக்குள் சிதறு தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். பிறகு நான் பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றதெல்லாம் ஆனது. முழங்கையில் தோல் இல்லை, முட்டியில் தோல் இல்லை, செருப்பு போட்ட காலில் கட்டைவிரல் நகம் இல்லை. தலைக்காவது ஒரு ஹெல்மெட் இருந்தது. மீதி உடம்பைக் காக்க நான் போட்டிருந்தது பருத்திச் சுடிதார். கையுறை, ஷூ, தடித்த ஜாக்கெட் எல்லாம் விளம்பரத்தில் மலை ஏறுகிறவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு மாதம் குளிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நினைப்பைத் திட்டினேன்.

அந்தக் கற்களை வரிசையாக வைத்தது யார் என்றும் எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பெண்கள்தான், கூலிக்கு. அம்மாவும் அந்த வேலைக்குப் போகிறவள்தான். நெல்லுக்குச் சொந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். "களத்துல ஒருத்தர் வைக்கப்போர் போட்டு வெச்சுக்கினு கீறார், நான் எங்கம்மா காய வைக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் சின்னப் பெண். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கட்டுப் போட்டு முடித்துவிட்டு என் ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே துணியை விலக்கிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இங்க பாருங்கக்கா. உள்ள தெர்மாகோல் மாதிரி இருக்குல்ல, அது நசுங்கிடுச்சு. உங்க மண்டைக்கு வர வேண்டிய அடிய இதுதான் வாங்கிக்கிச்சு. ஆனா ஒரு தடவதான் வாங்கும். இனிமே இது ஹெல்மெட் இல்ல, வெறும் டப்பா. வீட்டுக்குப் போன உடனே தாடைக்கு மாட்டற வார அறுத்துட்டு ஒடைச்சுப் போட்டுடுங்க."

"சரி டாக்டர்."

"சும்மா தூக்கிப் போடாதீங்க. யாராவது எடுத்து மாட்டிக்கப் போறாங்க."

நல்ல தமிழில், நேராக என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கற்பூரம் சுற்றிப் போட்டாள். அழுதாள். பிறகு என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி, ஈரத் துணியால் துடைத்து, ஆயுத பூஜைக்கு வண்டிக்கு வைப்பதுபோல மஞ்சள் தடவி மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். சாமி படங்களுக்குக் கீழே ஆணி அடிக்கச் சொன்னாள். தம்பிதான் அடித்தான். அதில் மாட்டினாள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "உன் உசுர குடுத்துகிறது அது. அத போயி ஒடைக்கிறதா? கை வெளங்குமாடி உனுக்கு?" என்றாள். கட்டுப் போட்ட கையும் காலுமாக இருந்தேன். ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

தெருவே வந்து பார்த்தது. ஒரு வாரத்தில் அதற்கு ராசியான ஹெல்மெட் என்று பேராகிவிட்டது. கடைசி வீட்டு மருமகன் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போட்டுக்கொண்டு போனார், பாஸாகிவிட்டார். திரும்பக் கொண்டுவந்தபோது அவர் மாமியார் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தாள். அதுவே வழக்கமானது. யார் தூரமாகப் போனாலும், முக்கியமான காரியத்துக்குப் போனாலும், வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். நல்லபடியாகத் திரும்பினால் ஒரு பொட்டு. பின் தெருவில் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் ஒன்று, மகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போக வாங்கினார்கள். அவர்கள் குங்குமம் வைக்க மாட்டார்கள் இல்லையா, சின்னச் சிலுவை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் கோயில் விஷயத்திலும் குழாய்த் தண்ணீர் விஷயத்திலும் வராத ஒற்றுமை ஒரு ஓட்டை ஹெல்மெட்டில் வந்தது.

நான் சொல்லாமல் இல்லை. வந்து கேட்ட ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பெயின்டுக்கு அடியில் ஓடுகிற விரிசலைக் காட்டினேன். "வண்டில கீறல் உயுந்தா வண்டிய தூக்கியா போடுவ?" என்றார் ஒருவர். தம்பியிடம் அவன் தொழில் பாஷையிலேயே பேசினேன்.

"டேய், இது ஃபியூஸ் மாதிரிடா. ஒரு தடவ எரிஞ்சு வூட்ட காப்பாத்திடுச்சு. எரிஞ்ச ஃபியூஸ மறுபடி மாட்டுவியா நீ?"

"நம்ம ஊர்ல யாருக்கா புது ஃபியூஸ் வாங்கறான்? ஒரு கம்பிய சுத்திவுட்டு ஓட்டிக்கினுதான் கீறோம்." சிரித்தான். பிறகு கொஞ்சம் யோசித்து, அவனுக்கே உரிய ஒரு நியாயத்தைச் சொன்னான். "யக்கா, நீ புதுசா ஒண்ணு வாங்கிகிறியே, அது இன்னா தாங்கும்னு யாருக்கு தெரியும்? இன்னும் ஒரு அடி வாங்கல. இது வாங்கி, தாங்கி காட்டிச்சு. எது ஒஸ்தி, நீயே சொல்லு."

தெரு முழுக்க இதே நியாயம்தான். அடி தாங்கிய மாட்டுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம் என்பதுபோல. படிக்காதவர்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. டிகிரி முடித்த பையன்களும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் ஏன் உடைக்கவில்லை? இரண்டு தடவை ஆணியிலிருந்து இறக்கினேன். ஒரு தடவை அம்மா அழுதாள். இன்னொரு தடவை பக்கத்து வீட்டு அண்ணி, "உனுக்கு ராசியா இருந்துது, மத்தவங்களுக்கு இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். பொறாமைக்காரி என்று பெயர் வாங்கப் பயந்தேன். இவையெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், தினமும் காலையில் புது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது என் கண்ணும் ஒரு விநாடி அந்த ஆணிப் பக்கம் போகும். போய்த்தான் வரும். லேபில் பத்து வருஷமாகக் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவள் நான். நூல் மாதிரி விரிசல் விட்ட குடுவையை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். வீட்டுக்கு வந்தால் புத்தியைச் செருப்போடு வாசலில் விட்டுவிடுவேன் போலிருக்கிறது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, தம்பி திருமுக்கூடல் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்குச் சீரியல் லைட் கட்டப் போனான். பாலத்தைத் தாண்டி ஒரு வளைவு. மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணல் ரோட்டில் கிடந்திருக்கிறது. வேகமாகப் போகவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எதிரே வந்த ஆட்டுக்காக பிரேக் பிடித்திருக்கிறான். வண்டி சறுக்கி, மதகுச் சுவரில் தலையின் இடது பக்கம் மோதியிருக்கிறது. ராசியான ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. வாரைக்கூட ஒழுங்காக மாட்டியிருந்தான். பாவி, வாழ்க்கையில் அன்றைக்குத்தான் வாரை மாட்டியிருந்தான்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தக் கட்டை எடுத்தார்கள். ஒன்றரை மாதம் அங்கேயே கிடந்தோம். உயிர் வந்தது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு, சேற்றில் மாட்டிய வண்டி மாதிரி, வந்து வந்து நிற்கிறது. ஒருநாள் அறுவை செய்த டாக்டரிடம் கேட்டேன்: "புது ஹெல்மெட்டா இருந்திருந்தா?"

அவர் நேர்மையான மனிதர். "உறுதியா சொல்ல முடியாதும்மா. இந்த அளவுக்கு ஆகியிருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ண முடியாது" என்றார்.

சத்தியம் பண்ண முடியாதாம். அந்த வார்த்தையின்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன்.

தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். சாமி படத்துக்குக் கீழே, அதே ஆணியில், அது தொங்கிக்கொண்டிருந்தது. விபத்து நடந்த இடத்திலிருந்து யாரோ நல்ல மனதோடு எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மா துடைத்து, புதிதாகப் பொட்டு வைத்து மாட்டியிருக்கிறாள். "அது இல்லன்னா ஆளே போயிருப்பான்னு எல்லாரும் சொல்றாங்கடி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஆறு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. எனக்கு அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லை. படுத்துத் தூங்கிவிட்டேன். அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அப்படித் தொங்கிக்கொண்டிருந்ததைத்தான் எதிர்வீட்டு மாமா போன ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டார்.

தட்டை எறிந்த கையோடு எழுந்தேன். ஆணியிலிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கினேன், ஆணியும் சேர்ந்து வந்தது. மூலையில் தம்பியின் வேலைப் பை அன்றைக்கு வைத்தபடியே கிடந்தது. அதிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "அடியே, அடியே" என்று அம்மா பின்னால் ஓடி வந்தாள்.

முதல் அடி வழுக்கிப் போனது. இரண்டாவது அடியில் பழைய விரிசல் வாயைத் திறந்தது. மூன்றாவது அடியில் ஓடு பிளந்தது. பொட்டெல்லாம் பெயர்ந்து குங்குமம் தரையில் கொட்டியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உள்ளேயிருந்த துணியைக் கிழித்து எறிந்து, தெர்மாகோலை இரண்டு கையாலும் பெயர்த்தெடுத்தேன். வலது பக்கம் விரல் பருமனுக்கு அப்படியே இருந்தது. இடது பக்கம் அப்பளம் மாதிரி ஒட்டிக்கிடந்தது.

"பாரு மாமா. நல்லா பாரு. இதுதான் நான் உயுந்த எடம். இதே எடத்துலதான் அவனும் உயுந்தான். இதுக்குள்ள அவனுக்கு இன்னா கீது காப்பாத்த? இதையா உன் புள்ள தலைல வெக்கப் போற?"

மாமா வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் அழுத்தினார், இன்னொரு பக்கம் அழுத்தினார். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எல்லோருடைய குங்குமமும் என் கால்மாட்டில் கிடந்தது.

தம்பி நாற்காலியிலிருந்து இடது கையை நீட்டினான். ஒரு துண்டு தெர்மாகோலைக் கொடுத்தேன். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். வாய் கோணியது. பேச முயற்சி செய்கிறான் என்று தெரிந்ததும் எல்லோரும் அவன் பக்கம் திரும்பினோம்.

"ஃபியூஸ்... யக்கா" என்றான். பாதி வாயால் சிரித்தான்.

நான் தெருவென்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். அழுதது அவனுக்காக மட்டும் இல்லை. அந்தச் சனிக்கிழமை அவன் வெறும் தலையோடுதான் கிளம்பினான். அரைக் குல்லாவின் வார் அறுந்திருந்தது. "தலைல எதுனா போட்டுக்கினு போடா" என்று கத்தினேன். "இன்னாத்த போட்டுக்கறது?" என்று திரும்பி நின்றான். எனக்கு அன்று லீவு. என் புது ஹெல்மெட் அதே பிளாஸ்டிக் நாற்காலியில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவன் தலை நிறைய எண்ணெய் வைத்திருந்தான். உள்ளே பிசுக்கு ஒட்டும், நாற்றம் அடிக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். எக்கி, ஆணியிலிருந்து அதை எடுத்து நான்தான் அவன் கையில் கொடுத்தேன். வாரை மாட்டச் சொன்னதும் நான்தான். அக்கா சொன்னாளே என்று மாட்டிக்கொண்டு போனான். இது அம்மாவுக்குத் தெரியாது. அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கும் தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். புது ஹெல்மெட்டை எடுத்து வந்து மாமாவின் கையில் வைத்தேன்.

"இத போட்டுக்கினு போகச் சொல்லு, மாமா. அவனுக்குன்னு ஒண்ணு வாங்கற வரைக்கும் வெச்சுக்கட்டும். நான் பஸ்ல போய்க்கறேன்."

"ஐயோ, வாணாம்மா. அவன் தலைக்கு எண்ண வெச்சுக்கினு..."

"எண்ண ஒட்டுனா ஒட்டட்டும்!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று அங்கே யாருக்கும் புரிந்திருக்காது. பிறகு குரலை இறக்கிச் சொன்னேன். "ஒண்ணே ஒண்ணு. எங்கயாவது உயுந்து எழுந்து வந்தான்னா, இத எனக்கு திருப்பித் தராத. பொட்டு வெக்காத. அங்கயே ஒடச்சுப் போட்டுடு."

முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளையைப் பற்றி இப்படி அபசகுனமாகப் பேசுகிறாளே என்று மாமாவின் முகம் சுண்டிப்போனது. சுண்டட்டும்.